பட்டியலை யார் எழுதுகிறார்கள்?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். கருவாடு போடும் பெண்களுக்கான திட்டத்துக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நிதி தருகிறது. "நீங்களே முன்னின்று நடத்துங்கள்" என்கிறார்கள். ஆனால் திட்டமும் வரவுசெலவும் கொழும்பில் எழுதப்பட்டு வருகின்றன. துறையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று எழுதினால் "அரசியல் வேண்டாம்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அன்புத் தங்கச்சிக்கு, எழுதத்தான் வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு, 2005இல், அம்பாறைக் கரையோரத்தில் நிவாரண வேலையில் இருந்தேன். படகு இழந்தவருக்குப் படகு என்பதுதான் எங்கள் கணக்கு. யார் இழந்தவர் என்பதை மீனவர் சங்கத் தலைவர் சொன்னார், நாங்கள் எழுதிக்கொண்டோம். கரைவலை இழுத்துக் கூலி வாங்கியவருக்கு இழந்தேன் என்று காட்டப் படகு இல்லை. ஒரு அம்மா, மீனுக்கு உப்புப் போடும் சிமெந்துத் தொட்டி உடைந்து கிடந்ததைக் காட்டி, "இத எந்தப் போமில எழுதுற மகன்?" என்று கேட்டார். என் கையிலிருந்த படிவத்தில் அதற்கு இடமில்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மேல்மட்டத்திலும் இதே கதைதான். வடக்கு கிழக்கு நிவாரணத்தைப் பங்கிட அரசும் புலிகளும் 2005 ஜூனில் கைச்சாத்திட்ட பொதுக் கட்டமைப்பு, ஜே.வி.பி. கட்சி வழக்குப் போட்டதும் அடுத்த மாதமே உயர் நீதிமன்றத் தடையால் முடங்கியது. அரசியலைப் பாராமல் எந்த உதவியும் கரை சேராது.

கட்சிப் பெயர்கள் வேண்டாம். விலை சொல்வது யார், முற்பணம் கொடுத்துக் கருவாட்டைத் தன் பிடியில் வைத்திருப்பது யார், காயப்போடும் இடத்துக்கு யாரைக் கேட்க வேண்டும், இவற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் திட்டத்தோடு அனுப்புங்கள். "இடர்கள்" என்று தலைப்பிடுங்கள். நிதி கொடுப்பவர்கள் தவறாமல் வாசிக்கும் பகுதி அது.

செலவில் ஒரு பங்கைத் தேவைக்கேற்ப நீங்களே மாற்றலாம் என்று ஒப்பந்தத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளிடம் சேர்ப்பதாகப் பெரிய கொடையாளர்கள் 2016இல் இஸ்தான்புல்லில் ஒப்புக்கொண்டார்கள். சேர்க்கவில்லை.

இன்னொன்று, இது உங்களுக்குக் கசக்கலாம். உங்கள் சங்க நிர்வாகக் குழுவின் வீட்டார் பெயர்களே உதவி பெறுவோர் பட்டியலில் முதலில் நின்றால், கொழும்பு செய்வதைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். பெண்கள் மீன் வெட்டும் இடத்திலேயே பட்டியலைச் சத்தமாக வாசியுங்கள். விடுபட்டவள் அங்கேயே எழும்பிக் கேட்பாள். கொழும்பிலிருந்து வருபவரையும் அன்றைக்கே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.