பாகத்தை மாற்றுமுன் பழுதைத் தேடுங்கள்: வாகனம் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் அநேகமானவை திருகோணமலை நகரிலிருந்தும் அதை அண்டிய கரையோரக் கிராமங்களிலிருந்தும் வந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலம் முழுவதும் நம்மவர்கள் கையிலிருந்த வாகனத்தையே பழுதுபார்த்து ஓட்டிவந்தார்கள். ஆகவே கடிதங்களில் பேசப்படும் கார்கள் பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டியவை. வயதான காரில் ஒரு கோளாறு தெரிந்தவுடன் ஊகத்தின்பேரில் ஒரு பாகத்தை வாங்கிப் பூட்டுவதும், அது சரிவராமல் அடுத்த பாகத்தை வாங்குவதும் வீண்செலவு. எதைத் தேட வேண்டும், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்ற இரண்டையும் மனதில் வைத்தே கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னுடையது பன்னிரண்டு வருடப் பழைய சிறிய பெற்றோல் கார். காலையில் திறப்பைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. போன வருடம்தான் புதுப் பற்றரி போட்டேன். மறுபடியும் பற்றரி மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (உவர்மலை வாசகர்)

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். முதலில் அந்தச் சத்தத்தைக் கவனமாகக் கேளுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகத் தொடர்ந்து வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று பொருள். ‘டக்’ என்று ஒரே ஒரு தடவை அழுத்தமாகக் கேட்டு அத்துடன் நின்றுவிட்டால் சந்தேகம் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மீதும் அதன் தொடுப்புகளின் மீதும் விழ வேண்டும். உங்களுடையது முதலாவது வகை. மின்சாரம் போய்ச் சேரவில்லை என்றால் பற்றரியில் மின்சாரம் இல்லை என்றே கொள்ள வேண்டியதில்லை; இருந்தும் வழியில் தடைப்படலாம்.

இதைப் பிரித்தறிய, மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீற்றர் ஒன்று போதும். இரவு முழுவதும் நின்ற காரில், எதையும் போடாமல், பற்றரியின் இரண்டு முனைகளிலும் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12 அல்லது அதற்குக் கீழே என்றால் அநேகமாக வெறுமையாகிவிட்டது. பிறகு எப்படியாவது ஸ்டார்ட் செய்து, எஞ்சின் ஓடும்போது அளந்தால் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அந்த அளவுக்கு ஏறாமல் 12 வோல்ட்டிலேயே நிற்குமானால் குற்றம் பற்றரியில் இல்லை. அதை நிரப்ப வேண்டிய ஆல்டர்னேற்றரிலோ அதன் பெல்ட்டிலோ தேட வேண்டும். அதைக் கவனிக்காமல் புதிய பற்றரியைப் போட்டால் அதுவும் சில நாட்களில் இறங்கிவிடும்.

இரண்டு அளவுகளும் சரியாக இருந்தும் ஸ்டார்ட் எடுக்கவில்லையா? அப்படியானால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ஏர்த் வயரை. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் உப்புக் காற்று ஓயாமல் பொனட்டுக்குள் புகுகிறது. பற்றரியின் எதிர் (–) முனையிலிருந்து காரின் உலோக உடலான பொடிக்கும் எஞ்சினுக்கும் போகும் தடித்த வயர் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும் இடத்தில், வெளியே நன்றாகத் தெரிந்தாலும், வளையத்தின் அடியில் துரு பிடித்துவிடுகிறது. இதையும் அளந்து பார்க்கலாம். மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர் முனையிலும் மற்றதை எஞ்சினின் வெறும் உலோகப் பகுதியிலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்சாரம் அந்த வழியில் தடைப்படுகிறது. வயரைக் கழற்றி, வளையத்தையும் அது அமரும் உலோகத்தையும் மண்கடதாசியால் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாஸ்லின் தடவுங்கள். செலவு அநேகமாக மண்கடதாசியின் விலை மட்டுமே.

பற்றரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் தூளையும் அதே வேளையில் நீக்கிவிடுங்கள். அப்பச்சோடாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கழன்று வரும். கழற்றும்போது எதிர் முனையை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் செய்ய வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் ஸ்பனர் பொடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பற்றரியிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயு வெடிக்கக்கூடியது என்பதால் இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். அதே காரணத்தால், அயலவரின் காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போதும் கடைசிக் கறுப்புக் கவ்வியை இறங்கிய பற்றரியில் பிடிக்காமல், அதிலிருந்து தள்ளி, எஞ்சினின் வெறும் உலோகத்தில் பிடியுங்கள்.

கேள்வி: கொழும்புக்குப் போகும் வழியில் கந்தளாய் தாண்டியதும் வெப்பமானி மேலே ஏறிவிட்டது. ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்திருந்தது. அருகிலிருந்த கிணற்று நீரை ஊற்றிப் போய்ச் சேர்ந்தோம். இப்போது ஓடும்போது பிரச்சினை இல்லை. ஆனால் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றால் ஏறுகிறது. என்ன காரணம்? (தம்பலகாமம் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேற்றரைக் குளிரச் செய்கிறது; நிற்கும்போது அந்த வேலையை விசிறி செய்ய வேண்டும். ஆகவே நின்றால் மட்டும் சூடேறும் காரில் முதற்சந்தேகம் விசிறி. மாறாக, பட்டணத்துக்குள் நன்றாக ஓடி நெடுஞ்சாலையில் சூடேறுமானால் அடைத்த ரேடியேற்றர், திறக்க மறுக்கும் தேர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்துவிடும் வால்வு), தேய்ந்த வோட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் விசிறியும் உடனே சுழலத் தொடங்கும். சுழலவில்லையென்றால் பியூஸைப் பாருங்கள். பிறகு அதே பியூஸ் பெட்டியில், விசிறியின் ரிலேயில் (மின்சாரத்தைத் தொடுத்துவிடும் சிறு சுவிட்ச்) உள்ள அதே இலக்கத்துடன் ஹோர்னுக்கும் ரிலே இருந்தால் இரண்டையும் இடம்மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிளக்கிலோ மோட்டாரிலோ கோளாறு. எஞ்சின் நின்ற பிறகும் சூட்டினால் விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதால் விரலை அங்கே கொண்டுபோகாதீர்கள். விசிறி நன்றாகச் சுழன்றும் சூடேறுகிறதா? ரேடியேற்றருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏசி கொண்டென்சருக்கும் இடையில் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பறக்கும் தூசியும் வைக்கோல் துணுக்குகளும் பூச்சிகளும் அந்த மெல்லிய தகடுகளுக்குள் பாயாகப் படிந்திருப்பதைக் காணலாம். எஞ்சின் ஆறிய பிறகு, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். வேகமான நீர்த்தாரை தகடுகளை மடக்கிவிடும்.

அவசரத்தில் கிணற்று நீரை ஊற்றியதைக் குறை சொல்ல மாட்டேன். எஞ்சின் பிழைத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் அதை இன்னும் உள்ளே விட்டுவைக்க வேண்டாம். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீர் சுண்ணாம்பும் உப்பும் கொண்டது. சுண்ணாம்பு குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். முழுவதையும் வெளியேற்றி, காய்ச்சி வடித்த நீரில் உற்பத்தியாளர் சொல்லும் அளவுக்குக் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். வெளியேற்றும் பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். அது இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் குடித்துவிடும். சிறிதளவே உயிரைப் பறிக்கும்.

இனி, அன்று தண்ணீர் ஏன் குறைந்தது என்பதைத் தேட வேண்டும். இரவில் காரின் கீழே காட்போட் விரித்து வைத்தால் வெளிக்கசிவு தெரிந்துவிடும். கசிவு இல்லாமலே குறைகிறது, எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர் நிறத்தில் களிம்பு பிடித்திருக்கிறது, புகைக்குழாயிலிருந்து இனிப்பு வாசனையுடன் வெண்புகை விடாமல் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேற்பகுதியை நீரும் எண்ணெயும் கலக்காதபடி அடைக்கும் தகடு) போயிருக்கலாம். அந்த நிலையில் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். காரை ஓட்டாமல், இழுத்துக்கொண்டுபோய் நம்பிக்கையான கராஜில் கொடுங்கள்.

வழியில் வெப்பமானி ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் திறந்துவிட்டு, பாதுகாப்பான இடம் கண்டதும் நிறுத்துங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானைகள் வீதியைக் கடப்பதால், இருட்டிய பிறகு அங்கே காட்டோரத்தில் இறங்கி நிற்பதை விட மக்கள் நடமாட்டமுள்ள சந்தி வரை மெதுவாகப் போக முடியுமா என்று முதலில் பாருங்கள். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் அதற்கும் இடமில்லை. நிறுத்தியதும் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்துடன் மூடப்பட்டிருப்பதால் உள்ளிருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி கழன்ற கணத்தில் அழுத்தம் இறங்கி, அது ஒரேயடியாகக் கொதித்து முகத்திலும் மார்பிலும் பாயும். மேற்குழாயைத் துணியால் தொட்டு, சூடு அடங்கியிருப்பது தெரிந்த பிறகே திறவுங்கள்.

கேள்வி: காலையில் பாடசாலைக்குப் புறப்படும்போது பிறேக்கில் உரசும் சத்தம் கேட்டு, சிறிது தூரத்தில் நின்றுவிடுகிறது. அண்மைக்காலமாகப் பெடலும் முன்னரைவிடக் கீழே போவதாகத் தோன்றுகிறது. பிறேக் எண்ணெய் மட்டும் குறைந்திருக்கிறது, ஊற்றினால் போதுமா? (நிலாவெளி ஆசிரியை)

பதில்: சத்தமும் பெடலும் இரண்டு தனித்தனி விடயங்கள். கடற்கரையில் இரவு நிற்கும் காரின் பிறேக் டிஸ்க் வார்ப்பிரும்பு என்பதால், ஓர் இரவிலேயே மெல்லிய துரு படியும். சில தடவை பிறேக் பிடித்ததும் தேய்ந்துபோகும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நாள் முழுவதும் கீச்சிட்டால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிறேக் பாட் தேய்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். சில்லின் இடைவெளியால் ரோர்ச் அடித்துப் பார்த்து, பாட்டின் கனம் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

பெடல் கீழே போவதை மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எண்ணெயை ஊற்றி நிரப்பினால் அடையாளம் மறையும், பழுது அப்படியே இருக்கும். எண்ணெய் மட்டம் இறங்குவது பாட் தேய்ந்ததாலும் ஆகலாம், எங்கோ கசிவதாலும் ஆகலாம். நான்கு சில்லுகளின் உட்புறத்திலும் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வெளிக்கசிவோ, பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் கோளாறோ இருக்கிறது. இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு மேலே வந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கலாம், அல்லது பின்சில்லின் பிறேக் ஷூ தேய்ந்திருக்கலாம். எதுவானாலும் அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வேண்டாம். பிறேக் வேலையை அது தெரிந்தவரே செய்யட்டும். ஒன்றை மட்டும் நீங்களே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: மூடியில் எழுதியிருக்கும் டொட் 3 அல்லது டொட் 4 எண்ணெய்தான் ஊற்றப்பட வேண்டும், புதிதாக உடைத்த போத்தலிலிருந்து. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரின் ஈரக்காற்றில் திறந்துவைத்த போத்தல் நெடுநாள் தாங்காது.

கேள்வி: ஏசி போட்டு ஓடினால் முன்பக்க இடது இருக்கையின் காலடியில் நீர் தேங்குகிறது. ரேடியேற்றர் ஒழுகுகிறதா? (சாம்பல்தீவு வாசகர்)

பதில்: நீரைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்போ நிறமோ இனிப்பு வாசனையோ இல்லாத வெறும் நீர் என்றால், ஏசி குளிரில் காற்றின் ஈரம் நீராகி வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறது. காரின் அடியில், எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலான சுவரில் அந்தச் சிறிய ரப்பர் குழாயைக் காணலாம். மென்மையான பிளாஸ்டிக் கம்பியொன்றை மெதுவாக விட்டு அடைப்பை எடுங்கள். கூடவே, பெரும்பாலும் இடது இருக்கைக்கு முன்னுள்ள சிறு பெட்டியின் பின்னால் இருக்கும் காற்று வடியையும் (பில்டர்) எடுத்துத் தட்டுங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். நிறமுள்ள, பிசுபிசுக்கும் நீர் என்றால் ஹீட்டரின் உள்ளே கசிகிறது. அது கராஜ் வேலை.

கேள்வி: ஹைபிரிட் காரின் பெரிய பற்றரியை வீட்டிலேயே திறந்து சுத்தம் செய்யலாமா? (கின்னியா வாசகர்)

பதில்: கூடாது. செம்மஞ்சள் நிற வயர் தெரியும் எந்த இடத்தையும் தொடக்கூடாது. நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தம் உயிரைக் குடித்துவிடும். பின் இருக்கையின் அருகே பற்றரிக்குக் காற்று உள்ளிழுக்கும் துவாரத்தை மட்டும் மாதமொருமுறை தூசி போகச் சுத்தம் செய்யுங்கள். அதன்மேல் பையோ துணியோ வைக்காதீர்கள். அந்தக் காற்று தடைப்பட்டுப் பற்றரி சூடேறுவதே அதன் ஆயுளைக் குறைக்கும் முக்கிய காரணங்களுள் ஒன்று.

கேள்வி: எஞ்சின் எண்ணெயை வீட்டிலேயே மாற்ற விரும்புகிறேன். காரோடு வந்த ஜாக்கி போதுமா? (மூதூர் வாசகர்)

பதில்: அந்த ஜாக்கி சில்லு மாற்றுவதற்கு மட்டுமே. அது தாங்கும் காரின் அடியில் தலையையோ கையையோ நீட்டக்கூடாது. மணல் நிலத்தில் அது சாய்ந்துவிடுவதற்கு ஒரு நொடி போதும். சீமெந்துத் தரை, சில்லுகளுக்கு அடைகல், காரின் எடையைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இருந்தால், எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் எண்ணெயை வடியுங்கள். பழைய எண்ணெய் வடியைக் (பில்டர்) கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதிய வடியின் வளையம் அமர்ந்தால் எண்ணெய் முழுவதும் வெளியே கொட்டிவிடும். புது வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். ஊற்றி, ஓடவிட்டு, நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலைப் பார்த்து, அடியில் துளி விழுகிறதா என்றும் பாருங்கள். வடித்த எண்ணெயை வளவு மணலில் ஊற்றினால் அது கிணற்று நீரைச் சென்றடையும். மூடியுள்ள கானில் எடுத்துச் சென்று, பழைய எண்ணெய் சேகரிக்கும் கராஜிலோ சேர்விஸ் நிலையத்திலோ கொடுத்துவிடுங்கள்.