மார்ஷலின் கடிதமா, மனுவா? வாங்குமுன் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: நான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வசிக்கும் வழக்கறிஞர். ஜான் மார்ஷல் கைப்பட எழுதிய இரண்டு தாள்கள் விற்பனைக்கு வந்துள்ளன. ஒன்று, அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தபோது நண்பருக்கு எழுதிய கடிதம். மற்றொன்று, அதற்கு முன் ரிச்மண்டில் வழக்கறிஞராக இருந்தபோது தாக்கல் செய்த மனு. மனு பாதி விலைக்கே கிடைக்கிறது. எதை வாங்கலாம்? அசல் என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: போலியா என்ற கேள்விக்கு முன், அந்தத் தாள் யாருடைய உடைமை என்ற கேள்வி வருகிறது. சட்டத்துறையினரின் கையெழுத்துகளைச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். நண்பருக்கு அனுப்பிய கடிதம், பெற்றவரின் குடும்பத்திடமிருந்து முறையாகவே கைமாறி வந்திருக்கலாம். நீதிமன்றத்தில் தாக்கலான மனுவோ நீதிமன்றக் கட்டிலிருந்து எப்போதோ உருவப்பட்டதாக இருக்கக்கூடும்.

பின்னாளில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட வில்லியம் ஹூப்பர், பிரிட்டிஷ் மன்னரின் வழக்கறிஞராக 1767, 1768 ஆம் ஆண்டுகளில் கையொப்பமிட்ட இரண்டு குற்றப்பத்திரங்கள் ஒரு வணிகரிடம் இருந்தன. மன்னருக்குரிய நீதிமன்ற ஆவணங்களுக்கு மாநிலமே வாரிசு என்றும், அரசு அவற்றைக் கைவிட்டதற்குச் சான்று இல்லை என்றும் கூறி, வட கரோலினா உச்ச நீதிமன்றம் 1977 இல் அவற்றை மாநிலத்துக்கே உரியவை எனத் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்தும் உரிமை மாறவில்லை! ஆகவே மனுவின் பின்பக்கத்தில் வழக்குத் தரப்பினர் பெயரும் நீதிமன்ற எழுத்தரின் தாக்கல் குறிப்பும் தெரிந்தால், அது வெளியே வந்த வழியை விற்பவர் எழுத்தில் காட்டும்வரை பணம் கொடுக்காதீர்கள். பாதி விலைக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இனி கடிதம். மார்ஷல் 1801 முதல் 1835 இல் இறக்கும்வரை தலைமை நீதிபதியாக இருந்தார். தமக்கு வந்த கடிதங்களையும் தம் பிரதிகளையும் பேணிவைப்பதில் அவருக்கு அக்கறை இல்லை. எனவே இன்று கிடைப்பவற்றில் பெரும்பகுதி, பெற்றவர்கள் பாதுகாத்தவை. அப்படிப் பாதுகாத்தவர்கள் மடித்த தாளின் புறத்தில் அனுப்பியவர் பெயரையும் தேதியையும் குறித்துவைப்பது வழக்கம். அந்தக் குறிப்பு வேறொருவர் கையெழுத்தில் இருப்பது நல்ல அறிகுறி. மார்ஷலின் எழுத்துகள் 12 தொகுதிகளாக அச்சாகியுள்ளன. உங்கள் கடிதம் அதில் ஒரு நூலகத்தின் இருப்பாகக் குறிக்கப்பட்டிருந்தால், விற்பவர் கையில் இருப்பது நகலா, திருட்டா என்று கேட்டாக வேண்டும்.

தாளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். அக்கால மை, நம் நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் அறிந்த மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துச் செய்தது. கறுப்பாக எழுதப்பட்டு, காலப்போக்கில் பழுப்பேறி, அழுத்தி எழுதிய இடத்தில் தாளையே அரித்துவிடும். மடிப்புக் கோட்டை எழுத்து கடக்கும் இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். எழுதிய பிறகே தாள் மடிக்கப்பட்டிருந்தால் கோடு மடிப்பில் வெடித்திருக்கும். ஏற்கெனவே மடிந்த பழந்தாளில் பிற்காலத்தில் யாரோ எழுதியிருந்தால், மை மடிப்புக்குள் இறங்கிக் கசிந்திருக்கும். பழைய நூல்களின் வெற்றுத் தாள்களில் எழுதி ஏமாற்றிய ராபர்ட் ஸ்பிரிங் போன்றோர் 19 ஆம் நூற்றாண்டிலேயே பிலடெல்பியாவில் தொழில் நடத்தியவர்கள் என்பதால், தாள் பழையது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

அமெரிக்க அஞ்சல் தலை 1847 இல்தான் வந்தது. அதற்கு முன் கடிதத்தையே மடித்து, அரக்கு முத்திரையிட்டு, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதினார்கள். முத்திரையைப் பிரித்தபோது கிழிந்த சிறு துளையும், அந்தத் துணுக்கு எதிர்ப்பக்க அரக்கில் ஒட்டியிருப்பதும் நான் மிகவும் விரும்பிப் பார்க்கும் சான்றுகள். மார்ஷல் கடிதத்துடன் அஞ்சல் தலை ஒட்டிய 'அசல் உறை' வந்தால் விலகிவிடுங்கள்.

பெயரிலும் ஏமாறலாம். ஜான் மார்ஷலும், முதல் உச்ச நீதிமன்ற அமர்வில் இருந்த ஜேம்ஸ் வில்சனும் எளிய பெயர்க்காரர்கள். அதே பெயரில் வணிகர்களும் விவசாயிகளும் ஏராளமாக வாழ்ந்தார்கள். கடிதத்திலிருந்து வெட்டியெடுத்த கையொப்பத் துணுக்கில் இந்த ஐயத்தைத் தீர்ப்பது மிகக் கடினம் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வாங்கிய பின் லேமினேட் செய்யாதீர்கள். அமிலமற்ற உறையில், வெயில் படாமல் வையுங்கள். முதலில் இரு தாள்களின் பின்பக்கப் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். தாள் அசல்தான் என்ற காலவரம்பற்ற உத்தரவாதத்தையும் எழுத்தில் கேளுங்கள். பின்பக்கத்தைக் காட்டத் தயங்குபவரிடம் முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.