சினைப்பை ஆய்வுக்கு மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், பாலூட்டிகளின் சினைப்பையில் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உருவாகும் விதம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதாகவும், பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதினால் போதாதா என்றும் எழுதியிருந்தீர்கள். ஸ்டீராய்டு என்றதும் உடற்பயிற்சிக்கூடத்து ஊசிதான் நினைவுக்கு வந்தது என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். மகள் எதைப் படிக்கப்போகிறார் என்பது பிடிபட்டால்தான் அதற்கு வேலை உண்டா என்று பேச முடியும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொலஸ்டிராலிலிருந்து உடல் தானே செய்துகொள்பவை. 27 கார்பன் அணுக்கள் கொண்ட கொலஸ்டிரால் 21 கார்பன் உள்ள பிரெக்னனோலோனாகவும், பிறகு 19 கார்பன் உள்ள ஆண்ட்ரோஜனாகவும், கடைசியில் 18 கார்பன் உள்ள எஸ்ட்ரடையாலாகவும் குறுகிக்கொண்டே வருகிறது. முட்டையைச் சூழ்ந்த ஃபாலிக்கிளில் இவ்வேலையை இருவகைச் செல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன: வெளிப்புறத்துத் தீக்கா செல்கள் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்.எச். ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் தம்மிடமுள்ள ஏற்பிகள் வழியாகத் தூண்டப்பட்டு ஆண்ட்ரோஜன் வரை செய்து நிறுத்திவிட, உட்புறத்துக் கிரானுலோசா செல்கள் எஃப்.எஸ்.எச். என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனுக்கான ஏற்பிகளின் தூண்டுதலால் அரோமட்டேஸ் என்ற நொதியை உண்டாக்கி, அந்த ஆண்ட்ரோஜனை எஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. இருவகைச் செல்லும் சேர்ந்தால்தான் இது நடக்கும் என்பதை 1959-இல் சுவீடனின் பெங்ட் ஃபால்க், எலியின் கண்ணுக்குள் இத்திசுத் துணுக்குகளைப் பதியவைத்துக் காட்டினார். பக்கத்தில் பதித்த யோனித் திசு மாறுகிறதா என்பதே அவருக்கு எஸ்ட்ரோஜன் சுரப்பதற்கான அடையாளம்.

வேலை இந்தப் படத்திலிருந்துதான் வருகிறது. கருத்தரிப்பு மையங்களில் போடப்படும் எஃப்.எஸ்.எச். ஊசி அந்த ஏற்பிகளைத் தேடித்தான் போகிறது. அங்கே தரப்படும் லெட்ரோசோல் மாத்திரை அரோமட்டேஸைத் தடுக்கிறது. சினைப்பையில் எவ்வளவு முட்டைகள் எஞ்சியுள்ளன என்று மதிப்பிட எடுக்கப்படும் ஏ.எம்.எச். பரிசோதனை, கிரானுலோசா செல்கள் சுரக்கும் ஒரு பொருளையே அளக்கிறது, பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்கள் பலரிடம் தீக்கா செல்கள் ஆண்ட்ரோஜனை அதிகமாகச் சுரக்கின்றன. மாடு சினைக்கு வரவில்லை என்று கால்நடை மருத்துவமனைக்கு வரும் விவசாயியின் சிக்கலும் இதே ஹார்மோன்களோடு தொடர்புடையதுதான். ஆகவே மருந்து நிறுவனங்கள், ஹார்மோன் பரிசோதனைக் கூடங்கள், கால்நடை ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியப் பணி எனப் பல கதவுகள் இருக்கின்றன. எதுவும் பட்டம் வாங்கியவுடன் தானாகத் திறந்துவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு கதவைப் பற்றிக் கூடுதலாக எச்சரிக்கிறேன். கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் முட்டையையும் கருவையும் கையாளும் கருவியலாளராகிவிடலாம் என்று நினைத்து இந்த ஆய்வுக்கு வருபவர்கள் உண்டு. ஆனால் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் அப்பணிக்கென்று தனித் தகுதிகளை வகுத்துள்ளன. நுண்ணோக்கியின் கீழ் விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் கைப்பழக்கமும் ஏற்பிகளைப் பற்றிய ஆய்வேட்டால் வந்துவிடாது. அதுதான் மகளின் ஆசை என்றால் மருத்துவக் கருவியல் முதுகலைப் படிப்பே நேர்வழி.

ஆய்வுதான் ஆசை என்றால், விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை இறைச்சிக்கூடத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். இத்துறையின் பல ஆய்வகங்களில் காலை அங்கேதான் விடிகிறது. எருமையின் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் போட்டு, ஃப்ளாஸ்கில் அடைத்து, சூடு ஆறுமுன் கொண்டுவந்து, ஊசியால் ஃபாலிக்கிள் நீரை உறிஞ்சி, கிரானுலோசா செல்களைப் பிரித்து வளர்க்க வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் ஆண்ட்ரோஜன் சேர்க்க மறந்தால் எஸ்ட்ரடையால் கிடைக்காது, ஏனெனில் அதைச் செய்துதர அங்கே தீக்கா செல்கள் இல்லை. ஊடகத்தில் சேர்க்கும் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த நீர்) கூடிவிட்டாலோ செல்கள் அரோமட்டேஸை இழந்து புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கிவிடும், ஒரு வார உழைப்பு வீணாகும். இதைப் பார்த்தபின் மறுநாளும் போகத் தோன்றுகிறதா என்பது, மதிப்பெண் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும், விதிப்படி வீட்டு வாடகைப் படியும் உண்டு. உதவித்தொகை இல்லாமல், கைக்காசைச் செலவழித்து முழுநேர ஆய்வில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நாளமில்லாச் சுரப்பியல் துறை, மும்பையில் தேசிய இனப்பெருக்க மற்றும் குழந்தைகள் நல ஆராய்ச்சி நிறுவனம், கர்னாலில் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றை அவர் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரே முக்கியம் என்பதால், அவரிடம் கடைசியாக முடித்த 3 மாணவர்கள் எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மகளே அவர்களிடம் நேரில் கேட்கட்டும்.

பி.எட். எங்கும் போய்விடாது. நெட் தேர்வை இரண்டு முறை முயன்றும் அமையாவிட்டால் அப்போது சேரலாம். இரண்டுக்கும் ஒரே ஆண்டில் படிக்கச் சொல்லாதீர்கள். உறவினர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருந்தீர்கள்: ஹார்மோன் ஆராய்ச்சி என்றால் போதும், மேற்கொண்டு கேட்பவர்களுக்கு மகளே விளக்கிவிடுவார்.