1974 கார்னிஷ் கூப்பே வாங்கலாமா? முதல்ல பிரேக்கை பாருங்க

லண்டன் ஹாரோல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். 1974 ரோல்ஸ் ராய்ஸ் கார்னிஷ், ரெண்டு கதவு, ஃபிக்ஸட் ரூஃப், அதாவது கூப்பே, அடர் பச்சை, விலைக்கு வந்திருக்காம். "ஒரே ஓனர் மாதிரிதான், 20 வருஷம் கராஜ்லயே இருந்துச்சு, 41,000 மைல்தான் ஓடியிருக்கு, பெயின்ட்டும் லெதரும் புதுசு மாதிரி இருக்கு, அட்வான்ஸ் குடுத்துடவா அண்ணா"ன்னு.

குடுக்காதீங்க தம்பி, இன்னும் இல்ல. 20 வருஷம் கராஜ்ல இருந்துச்சுன்னு விக்கிறவர் பெருமையா சொல்றதுதான் எனக்கு பயமே. இந்த வண்டி நின்னா கெட்டுப்போகும், ஓடுனாதான் நல்லா இருக்கும். காரணம் அதோட ஹைட்ராலிக்ஸ், அதாவது ஃப்ளூயிட் அழுத்தத்துல வேலை செய்யுற சிஸ்டம். சிட்ரோயன் கிட்ட லைசென்ஸ் வாங்கி பண்ண ஹை பிரஷர் சிஸ்டம், இன்ஜின் ஓட்டுற ரெண்டு பம்ப், நைட்ரஜன் கேஸ் அடைச்ச ரெண்டு உருண்டை, அதுக்கு அக்யுமுலேட்டர்னு பேர், இதுங்கதான் பிரேக்குக்கும், பின்பக்கம் தாழாம ஒரே உயரத்துல வைக்கிற லெவலிங்குக்கும் பிரஷர் தருது. உள்ள பூரா ரப்பர் ஹோஸும் சீலும். நிக்க நிக்க அதெல்லாம் காஞ்சு வெடிக்கும், மைல் மீட்டர்ல அது தெரியவே தெரியாது.

நேர்ல போனீங்கன்னா இதை பண்ணுங்க. இன்ஜினை ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, டேஷ்போர்டுல பிரேக் வார்னிங் லைட் ரெண்டும் அணைஞ்சிருக்கணும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு சாவியை மட்டும் ஆன்ல வச்சுக்கிட்டு பிரேக்கை மெதுவா மிதிச்சு எண்ணுங்க. லைட் வர்றதுக்கு முன்னாடி பத்து மிதியாவது தாங்கணும், நல்ல வண்டி அதுக்கு மேலயும் தாங்கும். மூணு நாலு மிதிலயே லைட் வந்துச்சுன்னா அக்யுமுலேட்டர் போச்சு, அது போனா மத்ததையும் யாரும் பாக்கலன்னு அர்த்தம், மொத்த ஹைட்ராலிக் வேலைன்னா ஆயிரக்கணக்கான பவுண்டு, விலையில கழிச்சே பேசுங்க.

அப்புறம் எந்த ஆயில் ஊத்தினாங்கன்னு கேளுங்க, பில் காட்ட சொல்லுங்க. 1974 வண்டிக்கு ஆர்ஆர் 363ங்கிற பிரேக் ஃப்ளூயிட் மட்டும்தான். 1980கள்ல வந்த கார்னிஷ்ல மினரல் ஆயில், அதை பாத்துட்டோ, சிட்ரோயன் சிஸ்டம்தானேன்னு நினைச்சோ பச்சை ஆயிலை ஊத்திடுறாங்க. நான் வேலை பாத்த ஒர்க்‌ஷாப்புக்கு அப்படி ஒரு வண்டி வந்துச்சு, வெறும் டாப் அப் தான் பண்ணாங்களாம், எல்லா சீலும் ஊதி ஜெல்லி மாதிரி ஆயிடுச்சு. ஓனர் பென்ஷன் பணத்துல வாங்கின வண்டி, அவர் முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

பாடி லண்டன் வில்ஸ்டன்ல முல்லினர் பார்க் வார்டுங்கிற, ரோல்ஸ் ராய்ஸுக்கு பாடி கட்டுற கம்பெனி ஆளுங்க கையால பண்ணது. காந்தம் எடுத்துட்டு போவீங்க, ஆனா கதவு, பானெட், டிக்கி மூடி அலுமினியம், அங்க ஒட்டாது, அதை பாத்து பட்டி போட்டிருக்காங்கன்னு பதறாதீங்க. கதவுக்கு அடியில ஓடுற சில் பட்டை, பின் சக்கரத்து வளைவு, முன் விங்கோட (மட்கார்டு) அடிப்பக்கம், இங்கதான் ஸ்டீல், இங்கதான் துரு. வைனில் ரூஃப் இருந்தா ஓரத்துல விரலால அழுத்திப் பாருங்க, பொருபொருன்னு இருந்தா அடியில தின்னுடுச்சு. 40 வருஷம் தாண்டின வண்டிக்கு எம்ஓடிங்கிற வருஷாந்திர பாதுகாப்பு சோதனை கட்டாயம் இல்ல, ரோடு டாக்ஸும் இல்ல, அது லாபம்தான், ஆனா அதனாலயே பல வருஷமா ஒருத்தனும் அடியில டார்ச் அடிச்சுப் பாத்திருக்க மாட்டான். நீங்க காசு குடுத்து லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க. நம்பர் பிளேட்டை போட்டா 2005க்கு அப்புறம் நடந்த எம்ஓடி எல்லாம் அரசாங்க வெப்சைட்ல ஃப்ரீயா வரும், 41,000 மைல் உண்மையான்னு அங்கயே பாதி தெரிஞ்சிடும்.

இன்ஜின் 6,750 சிசி வி8, மூணு கியர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்டோமேட்டிக், ரெண்டும் ரொம்ப கெட்டி. கூலன்ட் மாத்தாம விட்டிருந்தா மட்டும் அலுமினிய பிளாக் உள்ள அரிச்சு, சிலிண்டர் உள்ள இருக்கிற குழாயான லைனரோட சீல் கசியும், பிளாக் பக்கவாட்டுல இருக்கிற சின்ன ஓட்டைகள்ல தண்ணி தடம் இருக்கான்னு பாருங்க. எத்தனால் அதிகமா கலந்த இ10 பெட்ரோல் வேணாம், எத்தனால் கம்மியான சூப்பர் இ5 போடுங்க.

சேஸிஸ் நம்பர் சி ஆர் எச்னு ஆரம்பிச்சா ஒரிஜினல் ஃபிக்ஸட் ரூஃப் ரெண்டு கதவு ரோல்ஸ், வலதுகை ஸ்டியரிங். கூரையை மடக்குற கன்வெர்ட்டிபிளா பிறந்ததுக்கு முதல் எழுத்து டி. கன்வெர்ட்டிபிளுக்கு விலை ஜாஸ்திங்கிறதால நிறைய கூப்பேயோட கூரையை வெட்டிட்டாங்க, என்னால அதை ஏத்துக்கவே முடியல, கூப்பேயோட அந்த கூரை கோடுதான் அழகே. அதனாலதான் உங்க வண்டி நல்லதா இருந்தா விட்டுடாதீங்கன்னும் சொல்றேன். நார்தாம்ப்டன்ஷயர் ஹன்ட் ஹவுஸ்ல ரோல்ஸ் ராய்ஸ் என்தூசியஸ்ட்ஸ் கிளப் இருக்கு, ஃபேக்டரி ரெக்கார்டோட காப்பி காசு கட்டினா தருவாங்க, ஒரிஜினல் கலர் பச்சைதானான்னு அதுல இருக்கும்.

இன்னைக்கே விக்கிறவருக்கு போன் பண்ணி, நான் வர்றதுக்கு முன்னாடி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைக்காதீங்கன்னு சொல்லிடுங்க. போய் எத்தனை மிதி தாங்குச்சுன்னு எனக்கு எழுதுங்க, அப்புறம் விலையை பேசுவோம்.