அம்மாவின் காதைப் பார்த்தாயா?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். எம்.பி.பி.எஸ். பார்ட் ஒன் தேர்வு முடித்துவிட்டேன். அடுத்து ஒரு மாதம் எலெக்டிவ், நாமே துறையைத் தேர்ந்தெடுத்துப் போய்க் கற்கும் காலம். 'லேசான டிபார்ட்மென்டா எடு, கையெழுத்து வாங்கிட்டு மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வுக்குப் படி' என்கிறார்கள் சீனியர்கள். எனக்கும் அது வீண் மாதமாகத்தான் படுகிறது. அம்மா கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறார். போன லீவில் காதில் இரைச்சல் என்றார், சளியாக இருக்கும் என்றேன். வீட்டுக்காக நான் சீக்கிரம் பிஜி முடிக்க வேண்டும். எந்தத் துறை எடுக்கலாம்?

பதில்: தம்பி, எலெக்டிவ் வீண் என்று நிறையப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. 2019 பாடத்திட்டத்தில் இரண்டு மாதமாக வந்ததை 2023ல் ஒரு மாதமாக்கி, 15 நாள் 15 நாளாகப் பிரித்துவிட்டார்கள். அதற்குள் என்ன கற்பது என்று கேட்கலாம்தான்.

ஆனால் 'சளியாக இருக்கும் என்றேன்' என்று எழுதியிருக்கிறாயே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. காதைப் பார்த்தாயா? டார்ச் அடித்தாவது? விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிறவர் உன் அம்மா. ஒரு நாளைக்கு எத்தனை முறை முங்குவார் என்று கேட்டிருக்கிறாயா? ஒவ்வொரு முறையும் தண்ணீர் செவிப்பறையை அழுத்துகிறது. சளி இருக்கும்போது முங்கினால் இன்னும் மோசம். பறை கிழிந்திருந்தால் கடல்நீர் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும், நீருக்கடியிலேயே தலை சுற்றும். டாக்டருக்குப் படிக்கிற உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தப் பாசி விற்ற காசில் படித்த பிள்ளை முதலில் பார்க்க வேண்டிய காது அது. வீட்டுக்காக பிஜி என்கிறாய். வீடு என்றால் யார்?

சரி, துறை கேட்டாய். முதல் 15 நாள் மைக்ரோபயாலஜி, அதாவது நுண்ணுயிரியல் எடு. காதுச் சீழில் என்ன கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று கல்ச்சரில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் பார். அடுத்த 15 நாள் காது மூக்கு தொண்டைத் துறையான இஎன்டி. காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பை நீயே கையில் பிடி, கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராம் படிக்கப் பழகு. எலெக்டிவில் 75 சதவீத வருகையும், செய்ததைப் பதிந்த லாக்புக்கும் இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. எப்படியும் போகத்தான் போகிறாய், இதற்காகப் போ. கல்லூரி தரும் எலெக்டிவ் பட்டியலில் இந்தத் துறைகள் இல்லையென்றால் பொறுப்பாசிரியரிடம் கேள். பாசி எடுக்கும் பெண்கள் இத்தனை பேர் இருக்கிற கரையில் இதைக் கேட்கக் கூச்சம் எதற்கு?

அப்புறம், எலெக்டிவ் தொடங்கும்வரை காத்திருக்காதே. காதைக் காட்டும்வரை அம்மாவை முங்க விடாதே. இந்த வாரமே கூட்டிவந்து, ஓபி சீட்டுக்கு நீ வரிசையில் நில்.