கரிக்கோச்சிக்கு மறுபடி உயிர் கொடுப்பது எப்படி? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் 'பிக் பாய்' என்ற ராட்சத கரிக்கோச்சி எஞ்சினை அறுபது வருடம் கழித்து ஓட வைத்த வீடியோவை மகன் காட்டினான். இரும்புதானே, துரு தட்டி எண்ணெய் போட்டால் ஓடாதா? எதற்கு இத்தனை வருட வேலை? (ஹட்டனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஓடாது அக்கா. சக்கரம், தண்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கழற்றலாம், கடைந்து மாட்டலாம். பயமெல்லாம் தண்ணீரைச் சூடாக்கி நீராவி ஆக்கும் பொயிலரில்தான். மகன் காட்டியது 4014 ஆம் இலக்க எஞ்சின். 1941 இல் செய்தது. 1959 இல் கடைசியாகச் சரக்கு இழுத்தது. அப்புறம் கலிபோர்னியாவில் பொமோனா என்ற ஊரில் காட்சிக்கு நின்றது. 2013 இல் யூனியன் பசிபிக் ரயில் கம்பனி அதைத் திரும்ப வாங்கி, அடுத்த வருடம் வயோமிங்கில் உள்ள தன் பட்டறைக்கு இழுத்துப் போய், அக்கு அக்காகக் கழற்றி, 2019 மே மாதம்தான் சொந்த நீராவியில் ஓட வைத்தது. தண்ணீர், எரிபொருள் ஏற்றும் டெண்டரையும் சேர்த்து 132 அடி நீளம், 500 தொன்னுக்கு மேல் பாரம்.

அந்தப் பொயிலருக்குள் சதுர அங்குலத்துக்கு 300 இறாத்தல் அழுத்தம். கார் டயருக்கு நாம் அடிப்பது சுமார் 30. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் இருநூறு பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறியும் தண்ணீராகவே அடங்கிக் கிடக்கும், தகடு ஓரிடத்தில் கிழிந்தால் போதும், அத்தனை தண்ணீரும் நொடியில் நீராவியாகி வெடிக்கும். அதனால்தான் சரிபார்த்து முடித்ததும் முதலில் நெருப்பு மூட்டமாட்டார்கள். பொயிலர் முட்டத் தண்ணீர் நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூட வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். தண்ணீர் விரிவதில்லை, கிழிந்தாலும் ஒழுகும், அவ்வளவுதான், ஆளைக் கொல்லாது.

இன்னொன்று ஸ்டே போல்ட். நெருப்பு எரியும் பெட்டிக்கும் அதைச் சுற்றியுள்ள வெளித்தகட்டுக்கும் நடுவே தண்ணீர் நிற்கும், அந்த இரண்டு தகட்டையும் பிடித்து வைப்பது இந்த போல்ட்தான், பெரிய எஞ்சினில் ஆயிரக்கணக்கில் இருக்கும். போல்ட்டின் வெளி நுனியில் மெல்லிய துளை ஒன்று போட்டிருப்பார்கள். உள்ளே போல்ட்டில் விரிசல் விட்டால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து காட்டிக் கொடுக்கும். என் தாத்தா நாவலப்பிட்டியில் பயர்மேனாக, அதாவது எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடுபவராக இருந்தவர். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிச் சத்தம் கேட்பார்களாம், நல்லது 'ணங்' என்னும், உடைந்தது 'டொக்' என்னும். அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. கடையில் பித்தளைக் குடம் வாங்கப் போனாலும் விரல் முட்டியால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்.

கேள்வி: அவ்வளவு பெரிய எஞ்சின் நம்ம மலைப்பாதையில் ஏறுமா? (நானுஓயா வாசகர்)

பதில்: ஏறாது, முதலில் தண்டவாளத்திலேயே நிற்காது. அவர்களுடைய பாதை 4 அடி 8½ அங்குலம், நம்முடையது 5 அடி 6 அங்குலம். அகலம் நமக்குத்தான் கூட. ஆனால் பிக் பாய் ஏறிய வாசாட்ச் மலை ஏற்றம் ஏறத்தாழ 88 அடிக்கு ஒரு அடி, நம்ம மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு ஒரு அடி, அதாவது இரட்டிப்புச் செங்குத்து. போதாக்குறைக்கு வளைவுக்கு மேல் வளைவு. பட்டிப்பொலவில் கடல் மட்டத்திலிருந்து 1,898 மீற்றருக்கு ஏறிவிடுகிறோம், அந்தப் பாதையைக் கரியும் தண்ணீரும் வைத்தே ஏறினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும்.

வளைவில் திரும்புவதற்குப் பிக் பாயில் ஒரு பொயிலருக்கடியில் இரண்டு தொகுதிச் சக்கரங்கள், முன் தொகுதி கீல் போல அசையும். நமக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வந்தது. 1927 இல் மான்செஸ்டரில் பேயர் பீகொக் கம்பனி செய்த காரட் எஞ்சின். முன்னே ஒரு எஞ்சின், பின்னே ஒரு எஞ்சின், நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கும் பொயிலர். நம்ம ஊர் 'பிக் பாய்' எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஓட வைக்க ஏன் செலவு? பெயின்ட் அடித்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினால் பிள்ளைகள் பார்க்கமாட்டார்களா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: பார்ப்பார்கள், நானும் அப்படி ஒன்றைப் பார்த்தேன், எந்த ஊர் என்று சொல்லவில்லை. கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது, பொயிலரைப் போர்த்திய மெல்லிய தகட்டின் அடி விளிம்பில் விரலை வைத்தேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையில் வந்தது. அந்தப் போர்வைக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் வெளியே எத்தனை பூச்சு பூசினாலும் பயனில்லை. மொத்தம் 25 பிக் பாய் செய்தார்கள், எட்டு மிச்சம், அதில் 4014 ஐத் தெரிந்தெடுக்க ஒரு காரணம் அது நின்ற ஊர் காய்ந்த ஊர் என்பது. நம்ம மூடுபனியில் ஒரு கூரையாவது போடாமல் எஞ்சினை நிறுத்துவது அநியாயம் என்பேன்.

நல்ல செய்தியும் உண்டு. 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' என்று உல்லாசப் பயணிகளுக்காக நீராவி ரயில் விட்டிருக்கிறார்கள், 'சேர் தோமஸ் மெயிட்லண்ட்' என்ற 251 ஆம் இலக்க எஞ்சின் இழுத்திருக்கிறது. கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறந்த ரயில் நூதனசாலையில் பழைய எஞ்சின்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: நான் வெல்டிங் படித்தவன், தோட்டத்துப் பையன். இந்த வேலை கற்றுக்கொள்ள வழி உண்டா? (நாவலப்பிட்டி வாசகர்)

பதில்: தம்பி, உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீராவி எஞ்சின்களைப் பராமரிப்பது தெமட்டகொடை ரயில் பட்டறையில். கதவு உடனே திறக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் விண்ணப்பம் கேட்டால் போடு. அதுவரை தேயிலை பேக்டரியிலோ வேறெங்கோ பொயிலர் இருந்தால் அங்கே உதவிக்கு நில், தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துப் பழகு, மட்டம் இறங்கினால் என்ன நடக்கும் என்று அங்கே இருப்பவரைக் கேள். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதே படிவு பொயிலர் குழாயில் ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கி இரும்பைத் தின்னும். அதைப் பிடித்துச் சுரண்டத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை தெரியும்.

உன் ஊரில் பழைய ரயில் குடும்பங்கள் இருக்கும். டீசல் எஞ்சின்கள் கரிக்கோச்சியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது ஐம்பதுகளில், அதனால் கரி அள்ளிப்போட்ட கைகள் இனி அதிகம் இருக்காது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே போ. என் தாத்தாவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு, ஈரக்கரியை எப்படிப் பற்றவைத்தீர்கள் என்று. கிடைத்தால் அதையும் எனக்காகக் கேட்டு எழுது.