இரட்டை இணைப்பில் கோபுரம் மாறுவதை யார் தீர்மானிக்கிறார்கள்?

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் கிளிநொச்சி நோக்கிப் பஸ்ஸில் போகும்போது, ஒரே வேளையில் இரண்டு கோபுரங்களோடு இணைந்திருக்கும் போன் எதை, யார் சொல்லி மாற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீர்மானிப்பது வலையமைப்பு, போன் சிக்னலை அளந்து அறிக்கை தருகிறது. இரு கோபுர நிலையங்களும் சமமானவை அல்ல. முதன்மை நிலையம் கட்டுப்பாட்டுச் செய்திகளைக் கையாள, துணை நிலையம் கூடுதல் வேகத்தைத் தருகிறது. 4ஜி முதன்மையாகவும் 5ஜி துணையாகவும் அமையும் முறையை, கைபேசி வலையமைப்புகளுக்கான தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தனது 15ஆவது தரநிலை வெளியீட்டில் வகுத்தது.

துணை மாறும்போது, முதன்மை நிலையம் புதிய துணையிடம் இடம் கேட்டு, அது சம்மதித்த பின்னரே போனுக்குக் கட்டளை அனுப்புகிறது. பழைய துணையில் தேங்கிய தரவுப் பொதிகள் புதியதற்குக் கடத்தப்படுகின்றன. துணை திடீரென அறுந்தாலும் முதன்மை வழியாகப் போன் அதை அறிவித்துவிடும். முதன்மையே அறுவதுதான் பெரிய இடர். 16ஆவது வெளியீட்டிலிருந்து அதையும் துணை வழியாக அறிவித்து மீள வழியுண்டு.

மாங்குளம், முறிகண்டி போன்ற காட்டோரப் பகுதிகளில் பலவீனமான துணையை அவசரமாகச் சேர்த்தால், சேர்ப்பதும் விடுவதுமாகவே நேரம் போகும். அயல் செல்லின் (பக்கத்துக் கோபுரத்தின் வீச்சுப் பகுதி) சிக்னல் குறித்த அளவு மேலோங்கி 320 மில்லிசெக்கன் நிலைத்தால் மட்டும் அறிக்கை அனுப்பு என்று வைத்தால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் பஸ் அதற்குள் ஏறத்தாழ 5 மீற்றரே நகர்ந்திருக்கும். கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் வன்னியில் அந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டலாம் என்பதே என் கருத்து. ஆனால் உயர் அலைவரிசைத் துணைக்கு, மரங்கள் மறைத்ததும் சிக்னல் சட்டென விழுவதால், விடுவிக்கும் காத்திருப்பைக் குறுக்கியே வைக்க வேண்டும்.